சீர்வரிசையில் சேர்க்கப்பட்ட என் கார்

மூன்று வருடங்களுக்கு முன்பு நடந்தது இது. அப்போதும் இப்போதும் எனக்குக் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில்தான் வேலை. கார்களுக்கு கியர் செய்து அனுப்பும் ஒரு கம்பெனியில் தரம் பார்க்கும் பிரிவில் இருக்கிறேன். வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அதற்குப் பின்னால் பெரிய கதை ஒன்றும் கிடையாது. அப்பாவின் வைத்தியம், அண்ணன் கல்யாணம், வீடு என்று ஒவ்வொன்றாக வந்தது. என் முறை வந்தபோது எனக்கே அதில் ஆசை விட்டுப்போயிருந்தது.

கார் ஆசை மட்டும் விடவில்லை. நாளெல்லாம் கியர் பல்லை அளந்து, தேறியதை ஒரு பக்கமும் தேறாததை இன்னொரு பக்கமும் வைக்கிற வேலை என்னுடையது. அந்தப் பல் ஒரு நல்ல வண்டிக்குள் போய்ப் பொருந்தும்போது எப்படி இருக்கும் என்று என் கையால் உணர்ந்து பார்க்க வேண்டும் என்று வெகு நாளாக இருந்தது. கம்பெனியில் எல்லோரும் கியர் மாற்றவே தேவையில்லாத வண்டிகளைப் பற்றிப் பேசுவார்கள். எனக்கு அதில் மனம் போகவே இல்லை.

சென்னையில் ஒரு டாக்டர் வைத்திருந்த பழைய ஸ்போர்ட்ஸ் கார் விலைக்கு வருகிறது என்று கூட வேலை செய்பவர் ஒருவர் சொன்னார். தெரிந்த மெக்கானிக்கை அழைத்துக்கொண்டு போய்ப் பார்த்தேன். கருநீல நிறம். இரண்டே கதவு. தரையோடு தரையாக உட்கார்ந்திருந்தது. பின்னால் பேருக்கு ஒரு சீட், அதில் கைப்பையைத்தான் வைக்க முடியும். மெக்கானிக் குனிந்து நிமிர்ந்து என்னென்னவோ பார்த்தார். நான் ஓட்டிப் பார்த்தேன். இரண்டிலிருந்து மூன்றுக்குப் போட்டபோது, கை வைத்ததும் தானாகவே இழுத்துக்கொண்ட மாதிரி கியர் விழுந்தது. மெக்கானிக் தன் முடிவைச் சொல்வதற்கு முன்பே நான் முடிவு செய்துவிட்டேன்.

அண்ணன் திருநின்றவூரில் ஃபிளாட்டில் இருக்கிறார். காக்களூர் தொழிற்பேட்டையில் ஒரு சின்னக் கம்பெனியில் சூப்பர்வைசர். காரைக் காட்டப் போனபோது, தங்கை வாங்கிய வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"இன்னாமே இது, தவளையாட்டம் கீழ குந்திக்கினு கீது? நாலு பேரு ஏற முடியாத வண்டிய இன்னாத்துக்கு வாங்கினே?"

அண்ணி மாடியிலிருந்தே பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார். சாப்பிடும்போது, "இந்த டப்புக்கு நகை எடுத்திருந்தா நாளைக்கு ஆவும்" என்றார். யாருக்கு ஆகும் என்று நானும் கேட்கவில்லை.

சந்தோஷப்பட்டவள் ஒருத்திதான், அண்ணன் மகள். காலேஜ் முடித்துவிட்டு அம்பத்தூருக்கு ரயிலில் வேலைக்குப் போய் வந்துகொண்டிருந்தாள். கார் வந்த பிறகு சனிக்கிழமை ஆனால் என் வீட்டுக்கு வந்துவிடுவாள். ஞாயிறு காலையில் இருவரும் தேர்வாய் கண்டிகை தொழிற்பேட்டைப் பக்கம் கிளம்பிவிடுவோம். வாரநாளில் லாரி நெரிசல் தாங்காத ரோடு, ஞாயிறன்று நீளமாக, காலியாகக் கிடக்கும். அங்கேதான் அவளுக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தேன். முதல் நாள் கிளட்சை விடத் தெரியாமல் வண்டி குதித்துக் குதித்து நின்றது. பின்னால் வந்த தண்ணீர் லாரிக்காரர் ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை. அவளுக்குப் பயத்தில் அழுகை வர வேண்டியது, சிரிப்பு வந்தது. கண்ணில் நீர் வரச் சிரித்தாள். நானும் சிரித்தேன். அப்படிச் சிரித்து எத்தனை வருடம் ஆகியிருந்ததோ தெரியாது.

சில மாதங்களிலேயே என்னைவிட நன்றாக ஓட்ட ஆரம்பித்தாள். "கைய இப்டி அழுத்தாதீங்க அத்தை, தானா போவும், உடுங்க" என்று எனக்கே சொல்லிக்கொடுத்தாள். வளைவுக்கு முன்னால் ஒரு கியரைக் குறைத்து, வளைந்து வெளியே வரும்போது வண்டியைச் சீறவிடுவாள் பாருங்கள், பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் எனக்குப் பெருமை தாங்காது. வழியில் டீக்கடையில் நிறுத்தினால், கடைக்காரர் எங்களைத் தாண்டி வண்டிக்குள் எட்டிப் பார்ப்பார். "சார் உள்ள கீறாரா?" என்று கேட்பார். சார் யாரும் இல்லை என்று சொன்னாலும் நம்ப மாட்டார். திரும்பி வரும் வழியெல்லாம் அதைச் சொல்லிச் சிரித்துக்கொண்டே வருவோம்.

அடுத்த தை மாதம் அவளுக்கு வரன் வந்தது. மாப்பிள்ளை வீடு திருவள்ளூர். டவுனில் ஹார்டுவேர் கடை, ஊரில் நெல் வயல். பையனுக்கு பேங்க் வேலை. பெண் பார்க்க வரும் அன்று அண்ணன் போன் செய்து, "கார எத்துக்கினு வந்துடுமா, வாசல்ல நின்னா டீசென்டா இருக்கும்" என்றார். எனக்குக்கூடச் சந்தோஷம்தான். கழுவித் துடைத்து எடுத்துக்கொண்டு போனேன்.

வந்தவர்கள் பெண்ணைப் பார்த்ததைவிடக் காரை அதிக நேரம் பார்த்தார்கள். பையன், "சூப்பர் வண்டி மாமா" என்றதும் அண்ணன், "நம்ம வண்டிதான் மாப்ள, ஓட்டிப் பாருங்க" என்றார். நம்ம குடும்பத்து வண்டி என்று சொல்கிறார் என்றுதான் நினைத்தேன். என் பையிலிருந்து சாவியை எடுத்துக் கொடுத்தது அண்ணன் மகள். பையன் உட்கார்ந்து கிளப்பினான். கிளட்சை முழுக்க மிதிக்காமல் கியரைப் போட்டான். கரகரவென்று பல்லோடு பல் உரசும் சத்தம் மாடி வரைக்கும் கேட்டது. எனக்கு உடம்பே கூசியது. பால்கனியிலிருந்து, "முழுசா மிதிங்க தம்பி" என்று சத்தம் போட்டேன். அண்ணன் பக்கத்தில் நின்ற சம்பந்தியிடம், "என் தங்கச்சிக்கு அந்த வண்டி மேல ரொம்ப ஆசை" என்று சிரித்தார். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை.

நிச்சயதார்த்தம் முடிந்து சில வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, அண்ணன், அண்ணி, மகள் மூவரும் பழத்தட்டோடு என் வீட்டுக்கு வந்தார்கள். சொந்த வீட்டுக்கு எதற்குப் பழத்தட்டு என்று கேட்டுக்கொண்டே நாஷ்டாவுக்கு இட்லி எடுத்து வைத்தேன். அண்ணன் இட்லியைப் பிட்டுக்கொண்டே விஷயத்துக்கு வந்தார்.

"மாப்ள ஊட்ல அந்தக் காரு பொண்ணோட வருதுன்னு நெனச்சிக்கினு கீறாங்கோ. நானும் ஆமான்னு சொல்லிட்டேன். இப்போ மாத்திப் பேசினா பேஜாராப் பூடும்."

எனக்கு முதலில் புரியவே இல்லை. "எந்தக் காரு?" என்று கேட்டேன்.

"எந்தக் காரா? இன்னா நீ, உன்னுதுதான்."

அண்ணி தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "உங்களுக்குன்னு வேற யாரு கீறாங்க? என்னிக்கா இருந்தாலும் எல்லாம் இவளுக்குத்தானே. இப்பவே குடுத்தா நல்ல பேராவது வரும்."

அவளுக்கென்று நான் சங்கிலியும் வளையலும் ஏற்கெனவே எடுத்து வைத்திருந்தேன். அது அவர்களுக்கும் தெரியும். அதைப் பற்றி யாரும் பேசவில்லை. நான் அண்ணன் மகளைப் பார்த்தேன். அவள் ஏதாவது சொல்வாள் என்று நிச்சயமாக இருந்தேன். "அப்பா, அது அத்தை வண்டி" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும்.

அவள் நகத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "நீங்க வேற ஒண்ணு வாங்கிக்கலாம்ல அத்தை? உங்களுக்கு வேலைக்குக் கம்பெனி பஸ்ஸே வருது. அத வச்சிக்கினு நீங்க எங்க போவப் போறீங்க?"

அவர்களை அனுப்பும்போது, யோசித்துச் சொல்கிறேன் என்று மட்டும் சொன்னேன். அந்த வாரம் முழுக்க வேலையில் கவனமே இல்லை. தேறாத கியரைத் தேறியதில் வைத்து மேனேஜரிடம் பேச்சு வாங்கினேன். கொடுத்துவிடலாமா என்றும் யோசித்தேன். அவள் தொட்டிலில் கிடந்ததிலிருந்து தூக்கி வளர்த்த பிள்ளை. ஆனால் அந்தக் கரகரச் சத்தம் நினைவுக்கு வரும். பின்னாலேயே, "நம்ம வண்டிதான் மாப்ள" என்ற அண்ணனின் குரலும் வரும். கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தேன். அண்ணன் பொய் சொல்லி மாட்டிக்கொண்டார், உண்மையைச் சொல்ல அவருக்கு வெட்கம். நானே போய்ச் சம்பந்தி வீட்டில் பக்குவமாகச் சொல்லிவிட்டால் எல்லோருக்கும் நிம்மதி. படித்த பையன், புரிந்துகொள்வான். அப்படித்தான் நம்பினேன்.

அடுத்த ஞாயிறு பெரியபாளையம் வழியாகத் திருவள்ளூருக்கு நானே ஓட்டிக்கொண்டு போனேன். அவர்கள் வாசலில் நிறுத்தியதும் பையன் ஓடி வந்தான். முகமெல்லாம் சிரிப்பு.

"நீங்களே எத்துக்கினு வந்துட்டீங்களா? சொல்லியிருந்தா நாங்களே ஆள் அனுப்பிச்சிருப்போமே!"

அவன் அம்மா உள்ளே பார்த்து, "ஏங்க, வண்டி வந்துட்ச்சி" என்று குரல் கொடுத்தார். என்னிடம், "கொஞ்சம் அப்டியே இருங்கம்மா, எறங்காதீங்க" என்று சொல்லிவிட்டுப் போய், ஒரு தட்டில் கற்பூரமும் நான்கு எலுமிச்சம்பழமும் எடுத்து வந்தார். சக்கரத்துக்கு அடியில் ஒவ்வொரு பழமாக வைத்தார். பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். அவன் அப்பா சட்டையை மாட்டிக்கொண்டே வெளியே வந்து கும்பிட்டார். நான் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருக்கிறேன், என் காருக்கு என் கண்ணெதிரே வேறு வீட்டார் கற்பூரம் கொளுத்துகிறார்கள். வழி நெடுக யோசித்து வைத்திருந்த பேச்சு ஒன்றுகூட வாயில் வரவில்லை.

இறங்கி, "மன்னிச்சிக்கோங்க, இது என் வண்டி" என்றேன். "என் பேர்ல கீது. நான் சம்பாரிச்சி வாங்கினது. குடுக்கறதுக்காக வரல, சொல்லிட்டுப் போலாம்னுதான் வந்தேன்."

யாரும் கத்தவில்லை. கத்தியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். அந்த அம்மா கற்பூரத்தை ஊதி அணைத்தார். "பரவால்ல, உள்ள வந்து காபி சாப்டுங்க" என்றார். அவன் அப்பா போனை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். பையன் என்னைப் பார்க்காமல் காரையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு கேட்டான், "அப்போ அதுக்குப் பதிலா இன்னா வண்டி தராங்கோ?"

காபி குடிக்காமல் கிளம்பினேன். நான்கு எலுமிச்சம்பழத்தையும் நசுக்கிக்கொண்டுதான் வண்டி நகர்ந்தது.

அண்ணன் மகளுக்கு உடனே போன் செய்தேன். அவன் கேட்ட கேள்வியை அவளிடம் சொல்ல வேண்டும் என்று எனக்கு அவசரம். அதைக் கேட்டால் விழித்துக்கொள்வாள் என்று நினைத்தேன். அவளுக்கு அதற்குள் செய்தி போயிருந்தது. நான் வாயைத் திறக்கும் முன்பே அழுதுகொண்டே சொன்னாள்: "உங்கள யாரு அங்க போவச் சொன்னது? என் மானமே பூட்ச்சி. ஒரு காரு அத்தை, ஒரு காருக்காகவா இப்டிப் பண்ணீங்க?" பதில் சொல்வதற்குள் வைத்துவிட்டாள்.

கல்யாணம் நிற்கவில்லை. அண்ணன் கடன் வாங்கி வெள்ளை நிறத்தில் பெரிய கார் ஒன்று எடுத்துக் கொடுத்தார், கியர் மாற்ற வேண்டாத வகை. எனக்குப் பத்திரிகை வாட்ஸ்அப்பில் வந்தது. சங்கிலியையும் வளையலையும் எடுத்துக்கொண்டு போனேன். மண்டப வாசலில் அந்த வெள்ளைக் கார் மாலை போட்டுக்கொண்டு நின்றது. மேடையில் ஏறிக் கொடுத்தேன். வாங்கி, நிமிர்ந்து பார்க்காமல் அண்ணியிடம் நீட்டினாள். போட்டோவுக்கு நிற்கச் சொல்லி யாரும் கூப்பிடவில்லை. இறங்கும்போது மாப்பிள்ளை வீட்டுப் பெண் ஒருத்தி இன்னொருத்தியிடம், "அதான், கார் குடுக்காத அத்தை" என்று என்னைக் காட்டினாள். எனக்குக் கேட்க வேண்டும் என்றே சொன்ன மாதிரி இருந்தது. அந்தப் பெயர்தான் எங்கள் சொந்தத்தில் இன்றைக்கும் எனக்கு.

போன வருடம் கவரைப்பேட்டை பக்கம் ஒரு பெட்ரோல் பங்க்கில் அவளைப் பார்த்தேன். அந்த வெள்ளைக் கார்தான். அவன் வண்டியை நிறுத்திவிட்டு உள்ளே போயிருந்தான். அவள் பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருந்தாள். கண்ணாடியைப் பாதி இறக்கினாள். எப்படி இருக்கிறாய் என்று கேட்டேன். நன்றாக இருக்கிறேன் என்றாள். வேறு என்ன பேசுவது என்று தெரியாமல், "நீ ஓட்றியா?" என்று கேட்டேன்.

"இல்ல அத்தை. அவருக்குப் புடிக்காது" என்றாள். அவன் வெளியே வருவதைப் பார்த்ததும் கண்ணாடி மேலே ஏறிவிட்டது.

அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது. கோபமும் போகவில்லை. இரண்டும் ஒன்றாக வரும் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். அண்ணன் இன்னும் தவணை கட்டிக்கொண்டிருக்கிறார். பண்டிகைக்குக்கூடப் பேசுவதில்லை. நான் இப்போதும் ஞாயிற்றுக்கிழமை வண்டியை எடுக்கிறேன். ஓட்டினால் சந்தோஷமாகத்தான் இருக்கிறது, அதில் பொய் சொல்ல மாட்டேன். ஆனால் என்னிடம் வந்து, "அத்தை, எனக்கு அந்த வண்டி வேணும், தருவீங்களா?" என்று அவள் ஒரு தடவை கேட்டிருந்தால் ஒருவேளை சாவியைக் கொடுத்திருப்பேன், எனக்கு அத்தனை நெருக்கமாக இருந்தவர்களில் ஒருவருக்குக்கூட என்னைக் கேட்க வேண்டும் என்று தோன்றவே இல்லையே, அதுதான் இன்றுவரை ஆறாமல் இருக்கிறது.