பதினாலாம் பாகம், எண்பத்தெட்டாம் பக்கம்

அப்பா இறந்த பத்தொன்பதாம் நாள் நூலகரிடமிருந்து போன் வந்தது. துக்கம் விசாரித்து முடித்த பிறகும் அவர் போனை வைக்கவில்லை. இரண்டு வாரம் கழித்து வரும் ஞாயிற்றுக்கிழமை ஓடங்களுக்கும் மகுடக் கப்பலுக்குமான மோதலில் தீர்ப்பு நாள் என்றார். அப்பா தரப்பில் யாராவது வந்து பதில் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் பதிவேட்டில் ‘வராமல் தோல்வி’ என்று ஏறிவிடும்.

“விதியை எழுதினதே நான்தான். எனக்கே இப்போ சங்கடமா இருக்கு. ஆனா உங்கப்பா இருந்தா மாத்த விடமாட்டாரு” என்றார்.

மகள் வருவதாகச் சொன்னாள். என்ன மோதல் என்று அவளுக்குப் பாதிதான் தெரியும்.

அப்பா லிஃப்ட் மெக்கானிக். முப்பத்தோரு வருஷம் கட்டடங்களின் உச்சியில், மோட்டார் அறைகளில் கழித்தவர். உறவினர் வீட்டுக்குப் போனால் ஐந்து மாடியானாலும் படியேறித்தான் போவார். கேட்டால், லீவு நாளில் எதற்கு வேலை என்பார். மாதாந்திரப் பரிசோதனைத் தாளில் ஒவ்வொரு வரிக்கு நேரேயும் ‘சரி’ என்று அச்சாகியிருக்கும். டிக் அடித்தால் போதும். அவர் அந்தச் ‘சரி’யைக் கோடு போட்டு அடித்துவிட்டு ‘பார்த்தேன்’ என்று எழுதுவார். எட்டாத இடத்துக்கு ‘பார்க்கவில்லை’. இதற்காக மேலதிகாரியோடு எத்தனையோ முறை மல்லுக்கட்டியிருக்கிறார். சரியா இல்லையா என்பது நாளைக்குத்தான் தெரியும், பார்த்தேனா என்பது இன்றைக்கே தெரியும் என்பது அவர் கட்சி. வேலை கிடைத்துவிட்டது என்று மகள் தலைகால் புரியாமல் போன் செய்த அன்றும், “லெட்டரைக் கண்ணால பார்த்தியா?” என்றுதான் முதலில் கேட்டார்.

அவருக்கு இருந்த ஒரே பைத்தியம் விண்வெளிக் கதைகள். மாதம் இரண்டு ஞாயிறு, ஜெராக்ஸ் கடை மாடியில் நாலைந்து பேர் கூடுவார்கள். ஆளுக்கொரு கதைத்தொடரைக் கட்டிக்கொண்டு, இந்த உலகத்துக் கப்பல் அந்த உலகத்துக் கப்பலோடு மோதினால் யார் ஜெயிப்பது என்று தொண்டை கட்டும்வரை வாதாடுவார்கள். அப்பாவுடையது பத்தொன்பது பாகம் கொண்ட ஓடக்காரர்கள் கதை. சின்னச் சின்ன ஓடங்கள், ஓட்டை உடைசல், எல்லாவற்றையும் ஓட்டுபவர்களே பழுது பார்த்துக்கொள்வார்கள். எதிர்த் தரப்பு பேக்கரிக்காரர். அவருடையது மகுடப் படை. ஒரு கப்பலே ஒரு ஊர் அளவு இருக்கும். அது ஒரு வீச்சு வீசினால் எதிரியின் மின்சாரம் மொத்தமும் ஏழு நொடிக்கு உறிஞ்சப்படும். நூலகர் நடுவர். தோற்றவர்தான் அடுத்த கேள்வியைக் கேட்க வேண்டும் என்பது மன்றத்தின் விதி. அப்பாவுக்கு அங்கே ‘பிரேக்’ என்று பெயர்.

அந்தப் பெயருக்குக் காரணமும் உண்டு. எந்தக் கப்பலைப் பற்றிப் பேச்செடுத்தாலும் அவர் ஒன்றைத்தான் கேட்பார்: கரண்ட் போனால் என்ன ஆகும்? லிஃப்டில் மின்சாரம் இருக்கும்வரைதான் பிரேக் விலகி நிற்கும். போன மறுகணம் ஸ்பிரிங் அதை அழுத்திப் பிடித்துவிடும். பெட்டி கீழே விழாது, நின்ற இடத்தில் நிற்கும். ஓடங்களின் கதவுகளும் அப்படித்தான் என்பது அப்பாவின் வாதம். ஏழு நொடி இருட்டில் அறைகளெல்லாம் தானாக மூடிக்கொள்ளும், காற்று வெளியேறாது, எட்டாவது நொடியில் பன்னிரண்டு ஓடங்களும் திருப்பி அடிக்கும். பேக்கரிக்காரர் கேட்டது ஒன்றுதான்: கதவு தானாக மூடும் என்று எந்தப் பக்கத்தில் இருக்கிறது? மூன்று மாதக் கெடு. கெடு முடிவதற்குள் அப்பா முடிந்துவிட்டார்.

பதினொரு வருஷத்தில் அப்பா நான்கு முறை தோற்றிருக்கிறார். வராமல் ஒரு முறைகூடத் தோற்றதில்லை. மகளுக்கு அந்த ஒன்றுதான் உறுத்தியது. மூச்சு நின்றதையும் பதிவேட்டில் தோல்வியாக எழுதுவார்களா?

அவள் பம்புகள் வடிவமைக்கும் நிறுவனத்தில் பொறியாளர். வெப்பக் கணக்குகள் அவள் பொறுப்பு. அவளுக்குத் தெரிந்த வழியில் இறங்கினாள். கதவின் எடை இவ்வளவு, ஸ்பிரிங்கின் விசை இவ்வளவு, காற்றழுத்தம் இவ்வளவு. கதவு மூட முக்கால் நொடி போதும் என்று வந்தது. மூன்று தாள். அழுகை வராத நாட்களில் கணக்கு நன்றாகவே வந்தது. சமையலறையில் அம்மாவிடம் காட்டினாள். அம்மா தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“உங்கப்பா இதுக்குக் கணக்குப் போட்டு நான் பார்த்ததில்லையே. புத்தகத்தைத்தான் தடவிக்கிட்டே இருப்பாரு” என்றாள்.

நூலகரைக் கூப்பிட்டுக் கேட்டபோது அவரும் அதையேதான் சொன்னார். “கணக்கு செல்லாதும்மா. அது அவங்க உலகம். நம்ம ஸ்பிரிங் அங்க இருக்குன்னு யாரு சொன்னா? பக்க எண் வேணும்.”

மூன்று தாளும் குப்பைக்குப் போயின. அவள் நான்கு நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு அப்பாவின் அலமாரியைத் திறந்தாள். பத்தொன்பது பாகங்களும் வரிசையாக இருந்தன. இரண்டிலிருந்து மட்டும் சிவப்பு அட்டை நீட்டிக்கொண்டிருந்தது. ‘வேலை நடக்கிறது, இயக்காதே’ என்று லிஃப்டில் தொங்கவிடும் அட்டை.

முதல் அட்டை ஆறாம் பாகத்தில், நூற்று நாற்பத்து மூன்றாம் பக்கத்தில். ஓடத்தில் விளக்குகள் அணைகின்றன. சமையல்காரன் கையில் பாத்திரத்தோடு நடைவழியில் நிற்கிறான். யாரும் தொடாமலே கதவுகள் ஒன்றன்பின் ஒன்றாக மூடிக்கொள்கின்றன. பேக்கரிக்காரர் கேட்ட பக்கம் இதுதான். அப்பா ஜெயித்துவிட்டார். அவள் அம்மாவைக் கூப்பிட்டுப் படித்துக் காட்டினாள். அம்மா மூக்கை உறிஞ்சிக்கொண்டு, பாத்திரம் என்ன ஆயிற்று என்று கேட்டாள்.

இரண்டாம் அட்டை பதினாலாம் பாகத்தில், எண்பத்தெட்டாம் பக்கத்தில். இங்கேயும் விளக்குகள் அணைகின்றன. ஆனால் கதவு திறந்தது திறந்தபடியே நிற்கிறது. ஒருவன் தோளைக் கொடுத்துத் தள்ளி மூடுவதற்குள் காற்று மூன்று பேரை வெளியே இழுத்துக்கொண்டு போய்விடுகிறது. அட்டையின் பின்புறம் அப்பாவின் கையெழுத்து: ‘பார்த்தேன்.’ கீழே தேதி. இறப்பதற்கு ஏழு வாரம் முந்தைய தேதி.

ஒரு கதவு மூடாமல் நின்றாலும் அப்பாவின் வாதம் விழுந்துவிடும். ஏழு வாரமாக அது அவருக்குத் தெரிந்திருக்கிறது. யாரிடமும் சொல்லவில்லை. தீர்ப்பு நாளில் சொல்லலாம் என்று வைத்திருந்தாரா, ஆறாம் பாகத்தை மட்டும் எடுத்துக்கொண்டு போக நினைத்தாரா? அவளுக்குத் தெரியாது. அம்மாவைக் கேட்டாள்.

“என்னைக் கேட்டா? எனக்குச் சொன்னதை வச்சுப் பார்த்தா அவரு பாதி விஷயம் சொன்னதே இல்ல” என்றாள் அம்மா.

பேக்கரிக்காரருக்கு ஓடக்காரர்கள் கதை வேப்பங்காய். பத்தாம் பாகத்தோடு தூக்கிப் போட்டுவிட்டதாக எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார் என்று நூலகர் சொல்லியிருந்தார். ஆகவே ஆறாம் பாகம் மட்டும் போதும். ஒருவரும் கேட்கப்போவதில்லை. அப்பாவுக்கு ஒரு கடைசி வெற்றி. சனிக்கிழமை முழுக்க அவள் அந்த யோசனையோடே வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்தாள். ஞாயிறு காலை கிளம்பும்போது இரண்டு புத்தகங்களையும் பைக்குள் வைத்தாள்.

ஜெராக்ஸ் கடை மாடி ஒரே அறை. நான்கு பிளாஸ்டிக் நாற்காலி, காகிதக் கட்டுகள், கீழேயிருந்து இயந்திரத்தின் சூடு. பேக்கரிக்காரர் பருத்த மனிதர். முழங்கை மடிப்பில் மாவு ஒட்டியிருந்தது. அவளைப் பார்த்ததும் எழுந்து நாற்காலியைத் துடைத்துக் கொடுத்தார்.

ஆறாம் பாகத்தை அவள் படித்தாள். நூலகர் பக்க எண்ணைக் குறித்துக்கொண்டார்.

“இன்னொன்னும் இருக்கு” என்று சொல்லிப் பதினாலாம் பாகத்தை எடுத்தாள். மூன்று பேர் வெளியே போகும் வரி வந்தபோது நிறுத்தி, மறுபடி முதலிலிருந்து படித்தாள்.

பேக்கரிக்காரர் சட்டைப் பையிலிருந்து ரொட்டி சுற்றும் தாள் ஒன்றை எடுத்து மேஜைமேல் வைத்தார். அதில் பென்சிலால் ‘14, 88’ என்று எழுதியிருந்தது.

“பத்தொன்பதையும் படிச்சுட்டேன்மா. அண்ணன்கிட்ட பத்தாம் பாகத்தோட விட்டுட்டேன்னு சொல்லி மானத்தைக் காப்பாத்திக்கிட்டு இருந்தேன்” என்றார். “நீ இதை எடுக்காம இருந்திருந்தா நான் எடுத்துப் போட்டிருப்பேன். அப்பா போன பொண்ணுன்னு விட்டிருக்க மாட்டேன்.”

“விடக் கூடாது” என்றாள் அவள்.

“அண்ணன் இந்தப் பக்கத்தைப் பார்த்திருந்தாரா?”

அவள் அட்டையைத் திருப்பிக் காட்டினாள். அவர் தேதியைப் பார்த்தார். கைவிரலால் எண்ணினார். ஏழு வாரம் என்று கணக்கு வந்ததும் தலையைக் குனிந்துகொண்டார். அவர்கள் இருவரும் அந்த ஏழு வாரத்தில் மூன்று முறை இதே அறையில் உட்கார்ந்து வேறு எதையோ பேசியிருக்கிறார்கள்.

நூலகர் பதிவேட்டைத் திறந்து எழுதினார். ‘ஓடங்கள் தோல்வி. சான்று: 14, 88. கொண்டுவந்தவர்: ஓடங்கள் தரப்பு.’ அவள் கையெழுத்துப் போட்டாள். அப்பாவின் ஐந்தாவது தோல்வி. அவள் எதிர்பார்த்ததைவிட மூச்சு இலகுவாக வந்தது.

கிளம்பலாம் என்று பையை எடுத்தபோது நூலகர் பேனாவை மூடாமல் காத்திருந்தார். “தோத்தவங்க அடுத்த கேள்வி கேக்கணும். உங்க தரப்பு கேக்கலைன்னா மன்றம் இதோட நின்னுடும்.”

அவள் உட்கார்ந்தாள். கீழே ஜெராக்ஸ் இயந்திரம் ஓடும் சத்தம் கேட்டது. தரை வெதுவெதுப்பாக இருந்தது.

“உங்க மகுடக் கப்பல் ஏழு நொடிக்குப் பன்னிரண்டு ஓடத்தோட மின்சாரத்தையும் உறிஞ்சுது” என்றாள் பேக்கரிக்காரரிடம். “அவ்வளவு மின்சாரமும் ஒரே இடத்துல சேர்ந்தா சூடாகும். அந்தச் சூடு எங்க போகுது மாமா?”

அவர் அடுப்படியில் வெந்த மனிதர். கேள்வி உடனே புரிந்துவிட்டது. ரொட்டித் தாளைத் திருப்பி வைத்துப் பென்சிலைத் தேடினார்.

“பக்க எண் வேணும்” என்றாள்.