ஒற்றைக் கதவு வீடு

எங்கள் வீட்டு ஆண்களுக்கு வாய் பேசுவதற்கு முன்னால் கை பேசிவிடும். தாத்தாவே அப்படித்தான். ராஜபாளையத்தில் பஞ்சு வியாபாரத்தில் தலையெடுத்ததும், வீடு கட்டப் பார்த்த இடத்தில் குடிசை போட்டிருந்தவனை அடித்து விரட்டிவிட்டுத்தான் அஸ்திவாரம் தோண்டினார். அடிதடியில் தொடங்கிய வீடு விளங்குமா என்று அவரிடம் கேட்க ஒருத்தருக்கும் தைரியம் இல்லை.

தன் இரண்டு மகன்களுக்கும் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரே வீட்டில் பெண் எடுத்தார். மூத்தவரான என் அப்பாவுக்கு அக்கா, சித்தப்பாவுக்குத் தங்கை. கூடப் பிறந்தவர்களே ஓரகத்திகளாக வந்தால் குடும்பம் பிரியாது என்று நினைத்தார். அம்மாவும் சித்தியும் பிரியவில்லை. ஆண்கள்தான் அடித்துக்கொண்டார்கள்.

தாத்தா செத்து வருஷம் திரும்பவில்லை. பஞ்சிலிருந்து கொட்டை பிரிக்கிற அவருடைய ஜின்னிங் பாக்டரியை யார் பார்ப்பது என்ற பேச்சில், பஞ்சு நிறுக்கும் தராசுக் கம்பால் அப்பா தம்பியின் மண்டையை உடைத்தார். சித்தப்பா லேசுப்பட்டவரா? தலையில் கட்டோடு வந்து அப்பாவின் முன்பல்லைப் பெயர்த்துவிட்டுப் போனார். பெரிய மனிதர்கள் கூடிப் பாகம் பிரித்துவிட்டார்கள்.

மற்றவர்கள் பாகம் பிரித்தால் உனக்கு அது, எனக்கு இது என்று எடுத்துக்கொள்வார்கள். இந்தப் புத்திசாலிகளுக்கு ஒவ்வொன்றிலும் பாதி வேண்டுமாம். உரல் எங்களுக்கு, உலக்கை அவர்களுக்கு. ஆட்டுக்கல் அவர்களுக்கு, குழவி எங்களுக்கு. வீட்டுக்கு நடுவே கூரை வரைக்கும் சுவர் எழுப்பினார்கள். தலைவாசலின் இரட்டைக் கதவைக் கழற்றி ஆளுக்கு ஒன்றாகத் தங்கள் பக்க வாசலில் மாட்டிக்கொண்டு, மூடாத பாதியை மூங்கில் தட்டி வைத்து மறைத்தார்கள். தட்டியைத் தள்ளிக்கொண்டு தெருநாய் வந்து சோற்றுப் பானையை உருட்டும். ஊரே சிரித்தது. அப்படிச் சிரித்த ஒருவனை அப்பா செருப்பால் அடித்தார்.

அந்தப் பக்கத்தோடு பேச்சே இருக்கக் கூடாது என்பது அவர் உத்தரவு. மாவு ஆட்டாமல் எத்தனை நாள் இருப்பது? அம்மா புறவாசல் மதில் வழியாகக் குழவியைச் சித்திக்குக் கொடுத்தாள். அப்பா பார்த்துவிட்டார். அம்மாவை முடியைப் பிடித்து இழுத்து வந்து முகத்தை அந்தப் புதுச் சுவரில் மோதினார். சுண்ணாம்பில் ரத்தம் அப்பியது. மறுநாள் அம்மாவே அதன்மேல் வெள்ளையடித்தாள். எனக்கு அப்பாவைக் கொல்ல வேண்டும்போல் இருந்தது. இப்போதும் நான் அதை மாற்றிச் சொல்ல மாட்டேன்.

மதிலையும் உயர்த்திக் கண்ணாடிச் சில் பதித்துவிட்டார்.

உலக யுத்தம் வருவதற்கு முந்தைய சித்திரையில் சித்திக்குத் தலைப்பிரசவம். ஸ்ரீவில்லிபுத்தூருக்கு அனுப்புவதுதான் முறை. ஆனால் அந்த வீட்டுக்கு என் அப்பாவும் மருமகன். "அவன் கை நனைக்கிற வீட்டுக்கு எம் பொண்டாட்டி போகமாட்டா" என்று சித்தப்பா மறித்துவிட்டார். ஒரு மத்தியானம் வலி கண்டது. மருத்துவச்சி செட்டியார்பட்டிக்கு வேறொரு பிரசவம் பார்க்கப் போயிருந்தாள். சுவருக்கு அந்தப் பக்கமிருந்து, "அக்கா, அக்கா" என்று சித்தி கதறுவது எங்களுக்குக் கேட்டது.

அம்மா வாசலில் உட்கார்ந்திருந்த அப்பாவிடம் போனாள். "செத்த நேரத்துல வந்துருதேன். ஆளில்லாம அவ செத்துருவா."

"போனா அப்படியே போயிரு, ஏட்டி. திரும்ப இங்க காலு வைக்கப்புடாது" என்று அப்பா குறுக்கே காலை நீட்டினார்.

அம்மா தொழுவத்திலிருந்து கடப்பாரையைத் தூக்கி வந்து சுவரில் குத்தினாள். செங்கல் பெயர்ந்தது. அப்பா ஓடிவந்து பின்னாலிருந்து கொண்டையைப் பிடித்தார். அம்மா திரும்பிப் பார்க்காமலேயே கடப்பாரையைப் பின்னால் வீசினாள். அவர் முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிகிற சத்தம் எனக்கு நன்றாகக் கேட்டது. சந்தோஷமாக இருந்தது.

பிறகும் குத்தினாள். ஓட்டை விழுந்ததும் செங்கலைப் பெயர்க்க வலது கையை உள்ளே விட்டாள். அண்ணன்தான் வெட்ட வருகிறான் என்று அந்தப் பக்கம் சித்தப்பா அரிவாளோடு நின்றிருக்கிறார். நீண்ட கையைப் பார்த்ததும் ஓங்கி வெட்டிவிட்டார். வளையல் நொறுங்கிய பிறகுதான் அது யார் கை என்று அவருக்கு உறைத்தது.

"மைனி! நீங்களா?"

அம்மா முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டு ஓட்டைக்குள் நுழைந்தாள். அரிவாளோடு நின்றவரைத் தோளால் இடித்துத் தள்ளிவிட்டுச் சித்தியிடம் போனாள். ஒற்றைக் கையால் பிள்ளையை எடுத்தாள். பெண் குழந்தை. தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். அதற்குப் பிறகுதான் அம்மா மயங்கி விழுந்தாள்.

கூண்டு வண்டியில் ஸ்ரீவில்லிபுத்தூர் மிஷன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். கையைக் காப்பாற்ற முடியவில்லை, மணிக்கட்டோடு எடுக்க வேண்டியதாயிற்று. காலில் கட்டை வைத்துக் கட்டிக்கொண்டு அப்பாவும் வந்தார், கூடவே போலீஸ் ஏட்டையும் கூட்டிக்கொண்டு. வலிக்கிறதா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு.

"எங் கொழுந்தந்தான் வெட்டுனான்னு சொல்லு, போதும்" என்று அம்மாவின் காதருகே குனிந்தார். "அவன் செயிலுக்குப் போயிருவான். பாக்டரி, வீடு அம்புட்டும் நம்மளுக்கு."

சித்தப்பா உள்ளே போனால் சித்தியும் பச்சைப்பிள்ளையும் தெருவில்தான் நிற்க வேண்டும். சொல்லாவிட்டால் அம்மாவை இவர் உயிரோடு விடமாட்டார்.

ஏட்டு கேட்டார். "யாரும்மா வெட்டுனது?"

"ரெண்டு பேரு" என்றாள் அம்மா.

"ரெண்டு பேரா?"

"அருவா கொழுந்தனார் கையில இருந்துச்சு. எந் தங்கச்சிட்டப் போகவிடாம அடைச்சுப்போட்டது இவிய. எழுதுறதுன்னா ரெண்டு பேரையும் எழுதுங்க. ஒருத்தரை மட்டும் எழுதுனா நான் கைநாட்டு வைக்கமாட்டேன்."

அப்பா கையை ஓங்கினார். ஆஸ்பத்திரி என்றும் பார்க்கவில்லை, கை போய்க் கிடக்கிறாளே என்றும் பார்க்கவில்லை. ஏட்டு அந்தக் கையைப் பாதியிலேயே பிடித்து முறுக்கினார். அப்பா, "விடுங்கய்யா, விடுங்கய்யா" என்று கத்தினார். அந்தக் கை அம்மாமேல் இறங்குவதைத்தான் நான் பிறந்ததிலிருந்து பார்த்திருக்கிறேன். அதை இன்னொருவர் பிடித்து நிறுத்தலாம் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.