ஐந்தாவது கை

குன்னூரில் நான் கடைவாய்ப் பல் பிடுங்கப் போன கிளினிக்கில், நோயாளிகள் காத்திருக்கும் அறையில் ஒரு கண்ணாடித் தொட்டி உண்டு. உள்ளே இருப்பது கடல் தண்ணீர். டாக்டர் தூத்துக்குடிப் பெண், கல்யாணமாகி மலைக்கு வந்தவர். பாக்கெட்டில் வரும் கடலுப்பைக் கரைத்து, குளிருக்கு ஹீட்டர் போட்டு, இரண்டு சின்ன மீன்களையும் ஆரஞ்சு நிறத்தில் ஒரு நட்சத்திர மீனையும் வளர்த்துவந்தார்.

பல்லைப் பிடுங்கி, தையல் போட்டு, பஞ்சைக் கடிக்கச் சொல்லி என்னை வெளியே உட்காரவைத்திருந்தார்கள். உதவிக்கு இருந்த அக்கா தொட்டிக்குள் கையை விட்டுக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவர் முழங்கை இடித்து ஒரு கல் சரிந்தது. நேராக நட்சத்திர மீனின் ஒரு கை மேல் விழுந்தது.

"ஐயோ டாக்டர், கல்லு விழுந்திருச்சுங்க!"

டாக்டர் ஓடிவந்தார். கல் மூலையில் இறுகிவிட்டது. கொஞ்சம் தண்ணீரை இறைத்துவிட்டுத்தான் தூக்க முடிந்தது. அதற்குள் நட்சத்திர மீன் நாலு கைகளோடு நகர்ந்து போயிருந்தது. ஐந்தாவது கை கல்லுக்கு அடியிலேயே கிடந்தது.

"அறுந்துருச்சா?" என்று அந்த அக்கா அழாத குறையாகக் கேட்டார்.

"இல்ல, அதுவே விட்டுட்டுப் போயிருக்கு. மாட்டிக்கிட்டா கழட்டிவிட்ரும்."

எனக்கு ஆயிரம் கேள்வி. வாயோ மரத்துப்போய், நாக்கு புரளவில்லை. எழுந்து போய்த் தொட்டியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றேன். டாக்டர் பல் பார்க்கும் குட்டிக் கண்ணாடியைத் தண்ணீருக்குள் விட்டு, மீனின் அடிப்பக்கத்தை எனக்குக் காட்டினார். நடுவில் வாய். அதைச் சுற்றி நூல் நூலாகக் குட்டிக் கால்கள். கை போன இடம் மட்டும் சுருங்கி மூடியிருந்தது. கழன்ற கையைப் பார்த்தேன். அதன் கால்களும் அசைந்துகொண்டிருந்தன! டாக்டர் அதை ஒரு டப்பாவில் தொட்டித் தண்ணீர் ஊற்றித் தனியாக வைத்தார்.

அடுத்த வாரம் தையல் பிரிக்கப் போனபோது முதல் வேலையாக அதைத்தான் விசாரித்தேன்.

"ஏனுங்க டாக்டர், இந்தக் கையிலிருந்து இன்னொரு மீன் வருமுங்களா?"

"சில வகையில வருமாம்க்கா. பல வகைக்கு நடு உடம்பு கொஞ்சமாச்சும் ஒட்டியிருக்கணும். இது எந்த வகைன்னு எனக்கே சரியாத் தெரியாது. பாப்போம்."

கை டப்பாவின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது. எதை நினைத்துப் பிடித்திருக்கிறது என்று யோசித்தேன். அதற்கு மூளையே கிடையாதாம், முழு மீனுக்கும் கிடையாதாம். அப்புறம் ஒருநாள் போன் செய்தபோது, கை குழைந்து நாற ஆரம்பித்ததால் கொட்டிவிட்டதாகச் சொன்னார்கள். யாரோ தெரிந்தவர் போய்விட்ட மாதிரி இருந்தது. என் தையல் கடையில் அன்றைக்கு ஒரு ஜாக்கெட் கையை இரண்டு தடவை பிரித்துத் தைத்தேன்.

பல் இருந்த இடத்தில் முதலில் எலும்புக்குள் ஒரு ஆணி வைத்து, அது ஊன்றிய பிறகுதான் புதுப் பல் வைப்பார்களாம். அதற்கு மாதக்கணக்கில் ஆகும். அதனால் அடிக்கடி போகவேண்டியிருந்தது. நான் இருக்கும் வெலிங்டனில் பஸ் ஏறும்போதே தொட்டி நினைப்புதான்.

மழைக்காலத்தில் ஒரு தடவை, நட்சத்திர மீனின் கை போய்ச் சுருங்கிய இடத்தில் அரிசி அளவுக்கு வெளிறிய மொட்டு ஒன்றைப் பார்த்தேன். டாக்டரைக் கூப்பிட்டேன். வாயைத் திறந்தபடி நாற்காலியில் கிடந்த ஒருவரை விட்டுவிட்டு வந்து பார்த்தார்.

"வந்துருச்சுக்கா!"

உதவிக்கு இருந்த அக்கா கையை நெஞ்சில் வைத்துக்கொண்டார். அதுவரைக்கும் அவர் தொட்டிப் பக்கம் போகவே பயந்தாராம்.

மொட்டு மெல்ல நீண்டது. டாக்டர் டார்ச் அடித்து அதன் நுனியில் ஒரு சிவப்புப் புள்ளியைக் காட்டினார். அதுதான் கண்ணாம், ஒவ்வொரு கை நுனியிலும் ஒன்று உண்டாம். கை முழுசாக வளர்வதற்கு முன்னாலேயே கண் வந்து உட்கார்ந்துவிட்டது.

என் புதுப் பல் பொருத்தி முடிந்த அன்று அந்தக் கை என் சுண்டுவிரல் நகம் அளவுக்குத்தான் இருந்தது. பிறகும் மார்க்கெட் போகிற வழியில் எட்டிப் பார்க்கிறேன். ஏன் வந்தீர்கள் என்று யாரும் கேட்பதில்லை. போன வாரம் அந்த அக்கா இறால் துண்டு போட்டார். பெரிய கைகள் வளைந்து இழுத்தன. குட்டிக் கையும் எட்டாவிட்டாலும் அந்தப் பக்கமே வளைந்தது.

"மத்த கைக சைசுக்கு வந்ததும் நிறுத்திக்குமுங்களா? அதுக்கு யாருங்க சொல்றது, போதும்னு?"

டாக்டர் தொட்டிப் பக்கம் குனிந்தார்.

"தெரியலக்கா. நானும் மொட்டு வந்ததிலேருந்து அதத்தான் பாத்துட்டிருக்கேன்."