கத்திரிக்கு இன்னும் இரண்டு பட்டம்

தாம்பரம் மார்க்கெட்டில் தனசிங்குக்குக் கத்திரிக்காய்க்காரர் என்றே பேர். திருமுடிவாக்கத்தில், தொழிற்பேட்டைக்குப் பின்பக்கம் அவருக்கு ஒரு ஏக்கர் சொந்த நிலம். ஒவ்வொரு பட்டத்துக்கும் கத்திரிதான் நடுவார். அதற்குத்தான் விலை இருந்தது. 2004-ல் பூவும் பிஞ்சுமாக நின்ற செடிகள் காலையில் பச்சையாக இருந்துவிட்டு மதியத்துக்குள் தலை தொங்கின. தண்டைக் கீறினால் உள்ளே பழுப்பு.

வேளாண்மை அலுவலகத்திலிருந்து காந்திமதி மேடம் வந்து பார்த்தார்.

"நோய் மண்ணுல தங்கிடுச்சுங்க. கத்திரி, தக்காளி, மிளகாய் எதுவும் இப்போதைக்கு வேணாம். மக்காச்சோளம், காராமணின்னு மாத்திப் போடுங்க. நடுவுல சணப்பு விதைச்சு, பூக்கிறப்போ மடக்கி உழுதுடுங்க, மண்ணு தேறிடும். விதை பாதி விலைக்குத் தர்றோம்."

"விதை சரி மேடம். உழுது போடற பயிரை வெச்சு நான் இன்னா சாப்பிடறது?"

அதற்கு அரசுத் திட்டத்தில் வழி இல்லை என்று அவரும் வருத்தத்தோடு சொல்லிவிட்டுப் போனார்.

மனைவி தபீதாள்தான் வழி சொன்னாள். நிலத்தை அவள் பார்த்துக்கொள்வாள். அவர் பேட்டையில் தகடு அழுத்தும் ஒரு பிரஸ் பட்டறைக்கு வேலைக்குப் போனார். பட்டறைச் சுவருக்கு அந்தப் பக்கம் நாலு வயல் தள்ளி அவருடைய நிலம். தகடு வைத்து, எடுத்து, வைத்து, கை பழகிவிட்டது. மனசு பழகவில்லை. சாப்பாட்டு நேரத்தில் பின் கேட்டருகே போய் நிற்பார். கத்திரிக் காம்பு முள் விரலில் தைப்பதைக்கூட நினைத்துக்கொள்வார். சர்ச்சில், விளைச்சலைக் கொண்டுவந்து படைக்கும் அறுப்பின் பண்டிகை வந்தது. வருஷாவருஷம் கூடை நிறையக் கத்திரிக்காய் படைத்தவர், அந்த வருஷம் சோளக்கதிரை வைத்துவிட்டுப் பின்வரிசையில் உட்கார்ந்தார். பாட்டு வாயில் வரவில்லை.

கமிஷன் மண்டி ஜாபர் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கே வந்தார்.

"அண்ணா, உங்க காய் இல்லாம பிரியாணிக் கடைக்காரங்க என்னைப் பேஜார் பண்றாங்க. எப்போ போடுவீங்க?"

தனசிங் மண்ணின் கதையைச் சொன்னார். ஜாபர் விரல் விட்டுக் கணக்குப் போட்டார்.

"சோளமோ காராமணியோ, எது விளைஞ்சாலும் நான் எடுத்துக்கறேன். மார்க்கெட் விழுந்தாலும் பேசின விலை. கமிஷன் கிடையாது. ஆனா பயிர் முறையை மாத்தக் கூடாது, கத்திரி முறை வரும்போது காய் மொத்தமும் என் மண்டிக்கு."

"சணப்பு நிக்கிற மாசத்துக்கு பாய்?" உள்ளேயிருந்து தபீதாள் கேட்டாள்.

"அதுக்கு முன்பணம் தர்றேன்க்கா. காய்ல கழிச்சுக்கலாம்."

அவர் போனதும் தபீதாள் வெளியே வந்தாள். "நாளைக்கே மெஷினை விட்டுட்டு வந்துடுங்க."

இரண்டு பட்டம் கழித்துக் கத்திரி நாற்று நட்டார்கள். தினமும் மதிய வெயிலில் போய்ச் செடிகளின் தலையைப் பார்ப்பார் தனசிங். ஒன்றிரண்டு வாடின, மற்றவை நின்றன. முதல் கூடை மண்டிக்குப் போன அன்று அவர் சிரித்ததைப் பார்க்கத் தபீதாளுக்குக் கூச்சமாகக்கூட இருந்தது.

காய்ப்பு ஓய்ந்தபோது மார்க்கெட்டில் கத்திரி விலை உச்சத்தில் இருந்தது. உடனே மறுபடி கத்திரிக்கே நாற்றங்கால் போட்டால் என்ன என்று வரப்பிலேயே வெகுநேரம் நின்றார்.

"இன்னும் ஒரே ஒரு தடவை, தபீதா."

"ஜாபர் பாய்கிட்ட இன்னா சொல்லுவீங்க? மண்ணுகிட்ட இன்னா சொல்லுவீங்க?"

தனசிங் மடியில் சணப்பு விதையைக் கட்டிக்கொண்டு நிலத்தில் இறங்கினார். கை விதையை வீசியது. கண் மட்டும், பிடுங்கிக் குவித்த கத்திரிச் செடிகள் பக்கமே போய்ப் போய் வந்தது.