இடது மூலைக்கு வந்த புது ஆள்

கபடியில் பாடிப் போகிறவனுக்குக் கைதட்டல், பிடிக்கிறவனுக்கு டிங்சர். இதை நான் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்பதில்லை. மூலையில் நின்று முட்டியைப் பேர்த்துக்கொண்டவர்கள் இதைப் படிப்பவர்களில் பத்துப் பேராவது இருப்பீர்கள். நானும் உங்கள் ஜாதிதான். ஒரு முறை நெல்லிக்குப்பத்து ஆள் ஒருவனுடைய காலைப் பிடித்தேன். கால் என் கையிலேயே இருந்தது. ஆள் மட்டும் போய் நடுக்கோட்டைத் தொட்டுவிட்டு, திரும்பி வந்து காலை வாங்கிக்கொண்டு போனான். நம்பாவிட்டால் போகிறது. கீழே வருவதை மட்டும் நம்பினால் போதும்.

அணைத்த கை

எங்கள் டீம் கடலூர் செம்மண்டலத்தில் இருந்தது. எனக்கு அப்போது நாற்பத்துநாலு வயது. அந்த வயதிலும் என்னைக் களத்தில் நிறுத்தியதற்கு என் திறமை காரணமில்லை, ஆள் பஞ்சம். இடது மூலையில் நின்றவன் சிங்கப்பூருக்குப் போய்விட, கேப்டன் குமார் பண்ருட்டி மண்டியிலிருந்து சேவியர் என்கிற ஆளை அழைத்து வந்தான். வயது இருபத்தைந்து. லாரி மேலே நிற்பவன் பலாப்பழத்தை நீட்ட, கீழே நின்று மார்போடு அணைத்து வாங்குகிற வேலை அவனுக்கு.

மூலையில் நிற்பவன் பிடிக்க வேண்டியது கணுக்காலை. சேவியருக்குக் கால் என்ற ஒன்று கண்ணிலேயே படவில்லை. வருகிறவனைப் பலாப்பழம் மாதிரி நெஞ்சோடு அணைத்துக்கொள்வான். இரும்புப் பிடிதான், ஆனால் வந்தவன் கொஞ்சம் உயரமாக இருந்தால் இவனையும் சுமந்துகொண்டு கோட்டைத் தொட்டுவிடுவான். முதல் நாள் பயிற்சியில் அவனிடம் மாட்டிய எங்கள் ரைடர் மூச்சுத் திணறச் சொன்னான்: "வுட்டுரு மச்சான், எனக்குக் கல்யாணம் ஆயிடுச்சி."

வந்துச்சு

மூலை ஆளும் அவனுக்குப் பக்கத்தில் நிற்கிற நானும் கைகோத்து நிற்போம். அவன் காலுக்குப் பாயும்போது என் கையை விட்டுவிட வேண்டும். நான் ஓடிப்போய் ரைடர் திரும்புகிற வழியை மறிக்க வேண்டும். இதுதான் கணக்கு. சேவியர் பாய்வான், கையை விட மாட்டான். அவனோடு நானும் மண்ணில் நாலடி இழுபடுவேன்.

மண்டியில் பழத்தை நீட்டுகிறவன், வாங்குகிறவன் 'வந்துச்சு' என்று சொல்லும் வரை கையை எடுக்கக் கூடாதாம். எடுத்தால் யார் காலிலாவது விழும். எனக்கு அது தெரியாது. வாயில் இருந்த மண்ணைத் துப்பிவிட்டு, "ஏம்ப்பா, என் கைய வுடவே மாட்டியா?" என்றேன். அவன் நிஜமாகவே குழம்பிப்போய்ச் சொன்னான்: "நீங்க வந்துச்சுன்னு சொல்லவே இல்லியே மாமா."

ரெண்டு அழுத்து

சேவியரைக் கணுக்காலுக்குப் பாயப் பழக்கிவிட்டு, கைப் பிரச்சினைக்கும் குமார் ஓர் ஏற்பாடு செய்தான். நான் உள்ளங்கையை ஒரு முறை அழுத்தினால் சேவியர் அப்படியே நிற்க வேண்டும். இரண்டு முறை அழுத்தினால் கையை விட்டுப் பாய வேண்டும், பின்னாலேயே நான் வருவேன். சேவியர் அதை ஞாயிற்றுக்கிழமை பூசை மாதிரி எடுத்துக்கொண்டான். அழுத்தாமல் ஒரு அங்குலம் அசைய மாட்டான்.

இப்படி ஒருத்தன் கையில் கிடைத்தால் என் குறும்பு சும்மா இருக்குமா? ஒரு சாயந்திரம் டீக்காரர் கேனைத் தூக்கிக்கொண்டு களத்தின் ஓரமாக வந்தார். ரெண்டு அழுத்து அழுத்தினேன். ஏன் எதற்கு என்று கேட்கவில்லை, அடுத்த நொடி அவர் கணுக்கால் சேவியர் கையில். கீழே விழுந்தும் கேனைச் சாயவிடாமல் தூக்கிப் பிடித்திருந்த டீக்காரர் சொன்னார்: "நான் டீ விக்க வந்தேன்யா, கோட்ட தொட வர்ல."

பிடித்தால் வேலை

சிதம்பரத்தில் ஒரு பெரிய ஆட்டம் வந்தது. கம்பெனி டீம் ஒன்றுக்கு ஆள் எடுக்க இரண்டு பேர் வருவதாகத் தகவல். தேறினால் மாதச் சம்பளத்தோடு வேலை, அவர்களுக்கு வேண்டியதும் ஒரு இடது மூலை ஆள். சேவியருக்கு அந்த வயதிலேயே இடுப்பு பிடித்துக்கொண்டதால், பெல்ட் போட்டுத்தான் லோடு இறக்குவான். பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்து, "இது மட்டும் கெடச்சா மாமா, இனிமே பலாப்பழம் மூஞ்சியிலயே முழிக்க மாட்டேன்" என்று சொல்லிக்கொண்டே வந்தான். சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கும்போதும் அதையே சொன்னான்.

நாலு பேரைப் பிடித்தான். நாலும் கணுக்கால். கம்பெனி ஆட்கள் இரண்டு பேரும் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார்கள். கடைசி நிமிடத்தில் நாங்கள் ஒரு பாயிண்ட் முன்னால். எதிர் டீம் ரைடர் கோயில் தூண் மாதிரி ஆள், எங்கள் மூலைக்கு வந்து காலை நீட்டினான். நான் ரெண்டு முறை அழுத்தினேன். சேவியர் பாய்ந்து பிடித்துவிட்டான். இனி நான் மறிக்க வேண்டியதுதான் பாக்கி. அந்தத் தூண் திரும்பிய வேகத்தைப் பார்த்ததும் என் முட்டி யோசித்தது. நான் போகவில்லை.

சேவியரை மண்ணோடு தேய்த்துக்கொண்டே போய் அவன் கோட்டைத் தொட்டான்; ஜெயிக்க இருந்த ஆட்டம் சமன் ஆனது. விசில் ஊதிய பிறகும் சேவியர் பிடியை விடவில்லை, தாடையில் ரத்தம். அந்த ரைடர் குனிந்து, கோபமே இல்லாமல் சொன்னான்: "ஆட்டம் முடிஞ்சிதுப்பா, இப்பவாவது வுடு."

எல்லாரும் சிரித்தது

கம்பெனி ஆட்களில் மூத்தவர் நேரே என்னிடம் வந்தார். "நீங்க சிக்னல் குடுத்தீங்களா, அவனா பாஞ்சானா?" குடுத்தேன், நான்தான் பின்னால் போகவில்லை என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் அடுத்த ஆட்டத்திலிருந்து நான் ஸ்கோர் எழுதத்தான் உட்கார வேண்டும். "நான் அழுத்தவே இல்லீங்க. பலாப்பழம் வருதுன்னு நெனச்சிட்டான் போல" என்றேன்.

சுற்றி நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். குமார் சிரிக்கவில்லை. முட்டிப் பட்டையைக் கழற்றி, மறுபடியும் அதே இடத்தில் மாட்டிக்கொண்டான். சேவியர் என் கையையே பார்த்துக்கொண்டு நின்றான். இப்போது மாதிரி அன்றைக்கு ஆளுக்கொரு போனில் வீடியோ எடுத்திருந்தால் என் பேச்சு பத்து நிமிடம் தாங்கியிருக்காது. மூத்தவர் நோட்டை மூடினார்: "புடி நல்லாத்தான் இருக்கு. ஆனா சொல்றதுக்கு முன்னாடி பாயறவன் மூலைக்கு ஆவ மாட்டான்."

போன மாதம்

சேவியர் அதற்குப் பிறகு ஆட வரவில்லை. பதினெட்டு வருஷம் போய்விட்டது. போன மாதம் பலாப்பழ சீசனில் பண்ருட்டிக்குப் போனேன். ஏதோ வேலை இருந்ததாக வீட்டில் சொன்னேன். ஒரு வேலையும் இல்லை. மண்டியில் லாரிக்குக் கீழே அவன்தான் நின்றிருந்தான். இடுப்பில் பெல்ட், தாடையில் தழும்பு, தலை பாதி நரைத்துவிட்டது. என்னைப் பார்த்ததும் தெரிந்துகொண்டு, பையனை விட்டு டீ சொன்னான்.

எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல், வழக்கம் போல ஒரு புளுகில் ஆரம்பித்தேன். நன்றாகவே சிரித்தான். டீ ஆறிப்போன பிறகு, "சேவியரு, அன்னைக்கி சிதம்பரத்துல... நான் வந்து..." என்று இழுத்தேன். மேலேயிருந்து ஒரு பழம் வந்தது. அணைத்து வாங்கி, பார்த்து அடுக்கிவிட்டு, என் பக்கம் திரும்பாமலே சொன்னான்: "ரெண்டு வாட்டி அழுத்துனீங்க மாமா. எண்ணிட்டுத்தான் பாஞ்சேன்."

அன்றைக்குச் சொன்ன பொய்யால் எனக்கு டீமில் இன்னும் மூன்று ஆட்டம் கிடைத்தது; மூன்றிலும் தோற்றோம்.