உப்புப் போட்ட பீர்

எனக்குக் கசப்பு பிடிக்கும். அதனால் பீர் பிடிக்கும். இதைச் சொல்வதில் வெட்கம் இல்லை. குடியைப் பற்றிப் பேச்செடுத்தால் எங்கள் பக்கத்தில் முகத்தைச் சுளிப்பார்கள். சுளிக்கட்டும். சுளிக்கிறவர்களில் பாதிப் பேர் எங்கே போய்க் குடித்துவிட்டு வந்தார்கள் என்று எனக்குத் தெரியும்.

எனக்கு முதலில் தெரிந்தது கள். எங்கள் நிலம் பருத்திப்பட்டு ஏரிக்குக் கீழே இருந்தது. வரப்பில் பதினோரு தென்னை. அப்பா அவற்றைக் கள் இறக்குகிறவருக்கு விட்டிருந்தார். காலையில் இறக்கிய கள் இனிக்கும். பொழுது ஏற ஏறப் புளிக்கும். ஒரு வாய் குடித்தால் எந்நேரம் இறக்கியது என்று சொல்லிவிடுவேன். சாராயம் எனக்கு ஆகாது. அது நாக்கில் நிற்பதே இல்லை, நேரே நெஞ்சில் போய் உட்காரும். ரம்மில் கருகிய வெல்லம். விஸ்கியில் நெல் அவிக்கிற அடுப்பின் புகை. ஜின் வாசனையாக இருக்கும், ஆனால் ஆஸ்பத்திரி ஞாபகம் வரும். எலுமிச்சை பிழிந்தால்தான் அது வாய்க்குள் போகும். பீர் வேறு. முதலில் வேப்பம்பூ மாதிரி கசக்கும். விழுங்கின பிறகு தொண்டையில் மெல்லிசாக ஒரு தித்திப்பு வரும். அந்தத் தித்திப்புக்காகத்தான் அடுத்த வாய்.

கள்ளும் சாராயமும் போக, மற்ற எதையும் நான் உட்கார்ந்து குடித்துத் தெரிந்துகொள்ளவில்லை. கழுவ வந்த கிளாஸின் அடியில் நிற்கும் சொட்டை விரலால் தொட்டு நக்கித் தெரிந்துகொண்டேன். அதை நினைத்தால் இன்றும் எரிகிறது.

உலகச் சண்டைக் காலத்தில் ஆவடியில் பட்டாள முகாம் போட்டார்கள். வெள்ளைக்கார ஆபீசர்கள் சாப்பிடவும் குடிக்கவும் ஒரு மெஸ் இருந்தது. தகரக் கூரை போட்ட நீளக் கொட்டகை. நான் அங்கே சரக்கு அறைக்குக் காவல். பெட்டி இறக்குவது, பாட்டில் அடுக்குவது, கிளாஸ் கழுவுவது. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். லேபிளில் இருக்கும் இங்கிலீஷ் படிக்கத் தெரியாது. பாட்டிலைத் திறந்து முகர்ந்தால் போதும்.

எங்களுக்கு மேலே ஒரு பட்லர். மெஸ்ஸில் அவர் வைத்ததுதான் சட்டம். வேலை முடிந்து போகும்போது எல்லோரும் சமையலறைக்குப் பின்னால் வரிசையாக நிற்க வேண்டும். அவர் ஒவ்வொருவர் முன்னாலும் வந்து மூக்கை நீட்டுவார்.

"ஊதுடா."

ஊத வேண்டும். வாடை வந்தால் அன்றைக்கே வெளியே. மூக்கை நீட்டுகிற அவர் வாயிலிருந்து விஸ்கி வாடை வரும். தினமும் வரும். நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்போம்.

பூந்தமல்லிக்காரர் ஒருவர் சமையல் செய்தார். வேதக்காரர், மாதா கோயிலுக்குப் போகிறவர். வாய் சும்மா இருக்காது. "எங்க சாமியாரே பூசையில ஒரு வாய் குடிக்கிறாரு அண்ணாத்தே. அவரு வந்து நம்ம வரிசையில நின்னா பட்லரு இன்னா பண்ணுவாரு?" என்பார். நான் சிரிக்க மாட்டேன். எனக்குச் சிரிப்பு வராது.

ஊத வேண்டாத ஆள் ஒருவன்தான். கவுண்டருக்குப் பின்னால் வெள்ளைக் கோட்டுப் போட்டு நின்று கலந்து கொடுக்கிறவன். கலக்கிற ஆள் ருசி பார்க்க வேண்டும் அல்லவா. அவனுக்கு ஒரு ஸ்பூன் உத்தரவு உண்டு. அந்த வேலையில் இருந்தவன் ஒரு ரெஜிமெண்டோடு கிளம்பிப் போய்விட்டான். இடம் காலியாக இருந்தது.

எனக்கு அந்த இடம் வேண்டும். கோட்டுக்காக அல்ல. அந்த ஒரு ஸ்பூனுக்காக. ஒளியாமல், நேராக நின்று, ஸ்பூனை வாயில் வைத்து, இது சரி இது சரியில்லை என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான் ஆசை.

பட்லரிடம் கேட்டேன். "சித்திர வெயில் தாண்டட்டும். ஒரு பீர் பாட்டிலுகூட ஒடையாம வச்சிக்கினு இரு. கவுண்டர் உனக்குத்தான்" என்றார்.

அந்த வருஷம் பீர் கிடைப்பது கஷ்டமாக இருந்தது. கப்பல் வந்தால்தான் சரக்கு. ஐந்து பெட்டி வந்தது. லாரியில் வெயிலில் கிடந்து வந்த பாட்டில்கள். தகரக் கூரைக்குக் கீழே வைத்தேன். இரண்டாம் நாள் மத்தியானம் ஒன்று வெடித்தது. துப்பாக்கிச் சத்தம் என்று நினைத்து வெளியே காவலுக்கு நின்றவன் ஓடி வந்தான். மறுநாள் இன்னொன்று.

பட்லர் வந்து கண்ணாடிச் சில்லைக் காலால் தள்ளினார். "இன்னும் ஒண்ணு ஒடைஞ்சுதுன்னா நீ ஊட்டப் பாக்கப் போய்ச் சேரு. வர்ற ஞாயித்துக்கெழம பரங்கிமலைலேர்ந்து ஆபீசருங்க விருந்துக்கு வராங்க. தெரியுமில்ல?"

தெரியும். வைக்கோலை நனைத்துப் போட்டேன். கோணிச் சாக்கைத் தண்ணீரில் தோய்த்து மூடினேன். பயம் போகவில்லை. அப்போதுதான் கள்ளுப் பானை ஞாபகம் வந்தது.

கள்ளை யாரும் இறுக்கி மூட மாட்டார்கள். பானை வாயில் துணிதான் கட்டுவார்கள். பாட்டிலில் ஊற்றி அடைத்தால் வெடிக்கும். அடைப்பைக் கொஞ்சம் தளர்த்திவிட்டால் காற்றுப் போகும், கள் நுரைத்துக்கொண்டேதான் இருக்கும். எங்கள் பக்கத்தில் பால் குடி மறந்த பிள்ளைக்குக்கூட இது தெரியும். எனக்கும் அது மட்டும்தான் தெரியும்.

சனிக்கிழமை காலை உட்கார்ந்தேன். சாவியால் ஒவ்வொரு மூடியையும் ஒரு பக்கம் லேசாக நெம்பினேன். உஸ்ஸென்று சத்தம் வந்தது. நின்றதும் துணியை வைத்துத் தட்டி மூடினேன். எல்லாப் பாட்டிலுக்கும் செய்தேன். அன்றைக்கு ஒன்றும் வெடிக்கவில்லை. நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

கள் தானாக நுரைத்துக்கொண்டே இருக்கும். பீர் அப்படி இல்லை. போன காற்று போனதுதான். இதை எனக்கு யார் சொன்னார்கள்? ஒருவரும் இல்லை. பாட்டிலை என் கையில் கொடுத்தார்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று வாயில் வைத்துப் பார்க்காதே என்றார்கள். பார்த்திருந்தால் முதல் பாட்டிலிலேயே நிறுத்தியிருப்பேன்.

ஞாயிறு மத்தியானம். ஆபீசர்கள் வந்துவிட்டார்கள். பட்லர் ஒரு பாட்டிலைத் திறந்தார். சத்தம் இல்லை. கிளாஸில் ஊற்றினார். நுரை இல்லை. இன்னொன்று திறந்தார். அதுவும் அப்படியே. என்னைச் சமையலறைக்கு இழுத்து வந்தார்.

"இன்னாடா இது? குளத்துத் தண்ணியாட்டம் கீது?"

"மூடியக் கொஞ்சம் தெறந்து வுட்டேங்க. வெடிக்கக் கூடாதுன்னு."

"எத்தினி பாட்டிலு?"

"எல்லாம்."

"பேமானி! கள்ளுப் பானைன்னு நெனச்சிக்கினியா?"

"ஆமாங்க" என்றேன். அதுதான் உண்மை.

அவருக்கு வேர்த்துவிட்டது. அடிக்கக் கை ஓங்கினார். வெளியே கேப்டன் கூப்பிடுகிற சத்தம் கேட்டது. மெஸ் விஷயமெல்லாம் பார்த்துக்கொண்ட ஆபீசர் அந்தக் கேப்டன். பட்லர் கை இறங்கியது.

"பத்து நிமிஷம் குடுங்க" என்றேன்.

பூந்தமல்லியிலிருந்து வரும் கோலி சோடா ஒரு பெட்டி ஐஸில் கிடந்தது. போன காற்றை அதிலிருந்துதான் கொண்டுவர வேண்டும். சோடாவை மட்டும் ஊற்றினால் பீர் நீர்த்துப் போகும், அதற்கு வேறு பிடிமானம் வேண்டும். சமையல்காரரிடம் இஞ்சி கேட்டேன். தட்டிச் சாறு பிழிந்தேன். எலுமிச்சை பிழிந்து அதில் உப்பைக் கரைத்தேன். ஜாடியில் பீர் ஊற்றி, சாறு ஊற்றி, கடைசியில் கோலியை அழுத்திச் சோடாவை விட்டேன். நுரை எழும்பி நின்றது.

கரண்டியில் எடுத்தேன். சமையல்காரர் என் கையைப் பிடித்தார்.

"வாணாம் அண்ணாத்தே. சாயங்காலம் ஊதணும்."

"ருசி பாக்காம எப்பிடிக் குடுக்கறது?"

"மோந்து பாத்துக் குடேன்."

"உப்பு மோந்தா தெரியுமா?"

வாயில் வைத்தேன். தெரிந்தேதான் வைத்தேன். புளிப்பு தூக்கலாக இருந்தது. வேறு ஜாடி கலந்தேன். மறுபடி வைத்தேன். இஞ்சி பீரின் கசப்பை மூடியது. மூன்றாவது ஜாடியில் சரியாக வந்தது. முதலில் உப்பு, பிறகு கசப்பு, பிறகு தொண்டையில் அந்தத் தித்திப்பு. அன்றைக்குத்தான் நான் பீரை ஒரு வாய் முழுசாகக் குடித்தேன்.

ஜாடி ஜாடியாகப் போனது. ஆபீசர்கள் மேசையைத் தட்டினார்கள். கேப்டன் கிளாஸைத் தூக்கிப் பட்லரைப் பார்த்து ஏதோ கேட்டார். பட்லர் நெஞ்சில் கையை வைத்துக் குனிந்தார். எனக்கு இங்கிலீஷ் தெரியாது. கையைத் தன் நெஞ்சில் வைத்தால் என்ன அர்த்தம் என்று தெரியும்.

சாயங்காலம் வரிசையில் நின்றோம். என் முன்னால் வந்தார்.

"ஊதுடா."

ஊதினேன்.

"குடிச்சிக்கீற."

"ருசி பாத்தேங்க. உங்க மானத்தைக் காப்பாத்தத்தான்."

"எவன்டா உன்ன ருசி பாக்கச் சொன்னான்? சட்டம்னா சட்டம். சரக்கு ரூமு சாவியக் குடு. நாளைலேர்ந்து பின்னால தொட்டில பாட்டிலு கழுவு. கவுண்டர் பேச்சை எடுத்தே, அதுவும் கெடையாது."

கவுண்டருக்கு ஆள் மறுநாளே வந்துவிட்டான். பட்லரின் மச்சான். மாங்காட்டுக்காரன். அம்மனுக்கு வேண்டிக்கொண்டு குடியைத் தொடாதவன். ஒரு சொட்டுக்கூடத் தொட மாட்டான். அதைப் பட்லர் எல்லோரிடமும் பெருமையாகச் சொன்னார். குடிக்கவே குடிக்காதவனைக் கலந்து கொடுக்க நிறுத்தினார்கள். இதை எந்தச் சுவரில் போய் முட்டிக்கொள்வது?

அந்த வாரம் முழுக்கப் பாட்டில் கழுவினேன். புதுப் பீர் வந்திருந்தது. காற்றுப் போகாத சரக்கு. கழுவ வந்த ஒரு பாட்டிலில் மீதி இருந்தது. அதில் கொஞ்சம் உப்புப் போட்டுப் பார்த்தேன். பொங்கி என் முழங்கை வரை வழிந்தது. பார்த்துக்கொண்டேன்.

அடுத்த ஞாயிறு கேப்டன் அந்த உப்புப் போட்ட பீரை மறுபடி கேட்டிருந்தார். காலையில் மச்சான்காரன் தொட்டிப் பக்கம் வந்தான். புதுக் கோட்டின் பித்தளைப் பொத்தான் வெயிலில் மின்னியது.

"நைனா, அந்தச் சரக்குல உப்பு எவ்ளோ போட்ட?"

"ஜாடிக்கு ஒரு ஸ்பூன்."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான்."

கேட்டதற்குச் சொன்னேன். உப்பை எதில் கரைத்தேன் என்று அவன் கேட்கவில்லை. பீரில் காற்று இருந்ததா என்றும் கேட்கவில்லை. நானாகச் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம் என்று சமையல்காரர் பிறகு சொன்னார். அவருக்கு என்ன. அவர் அடுப்பை யாரும் பிடுங்கவில்லை.

பின்கதவு திறந்திருந்தது. தொட்டியிலிருந்தே கவுண்டர் தெரியும். கேப்டன் பக்கத்தில் வந்து சாய்ந்து நின்றார். மச்சான்காரன் ஜாடி நிறையப் புதுப் பீரை ஊற்றினான். ஒரு ஸ்பூன் உப்பைக் குவித்து எடுத்தான். போட்டான். பால் பொங்குவது மாதிரி பொங்கியது. ஜாடியைத் தாண்டி, கவுண்டரைத் தாண்டி, கேப்டனின் காக்கிக் கால்சட்டை மேல் வழிந்தது. அவன் பயந்துபோய்ச் சோடாவையும் உடைத்து ஊற்றினான். நான் கையிலிருந்த பாட்டிலைக் கழுவி முடித்தேன்.

உள்ளே கேப்டன் கத்தினார். கொஞ்ச நேரத்தில் பட்லர் பின்னால் வந்தார். அவர் கையில் அந்த வெள்ளைக் கோட்டு. ஒரு பக்கம் நனைந்திருந்தது.

"போட்டுக்க. போய்க் கலந்து குடு. கவுண்டர் இனிமே உனக்குத்தான்."

கையைத் துடைத்துக்கொண்டேன். கோட்டை வாங்கினேன். வாங்கவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். ஒரு கையை நுழைத்தும்விட்டேன்.

"கவுண்டர்காரனுக்கு ஒரு ஸ்பூன் உத்தரவு உண்டு இல்லீங்க?"

"அதெல்லாம் முன்ன இருந்தவனோட போச்சு. நீ கள்ளு குடிச்சி வளந்தவன். உன்ன எப்பிடி நம்பறது? சாயங்காலம் ஊதிட்டுத்தான் ஊட்டுக்குப் போவணும்."

கையை வெளியே எடுத்தேன். கோட்டை மடித்துத் தொட்டி விளிம்பில் வைத்தேன்.

"மொதல்ல நீ ஊது" என்றேன்.

அதுவரை அவரை நீ என்று சொன்னதில்லை. அவர் முகம் கறுத்தது. அடுப்படியிலிருந்து சமையல்காரர் எட்டிப் பார்த்தார்.

"இன்னாடா சொன்ன கஸ்மாலம்?"

"ஊதுன்னேன். இத்தினி நாளா நாங்க ஊதனோமில்ல? ஒரு தபா நீ ஊது. நான் மோந்து பாக்கறேன்."

அவர் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் வாடை வரும். இரண்டு பேருக்கும் அது தெரியும். உள்ளேயிருந்து கேப்டன் மறுபடி கூப்பிட்டார்.

கழுவாத பாட்டில் ஒன்றை எடுத்தேன். அடியில் இரண்டு விரல் பீர் நின்றது. அவர் பார்க்க, சமையல்காரர் பார்க்க, நேராக நின்று அண்ணாந்து குடித்தேன். பாட்டிலைத் தொட்டியில் போட்டேன். அவர் முன்னால் போய் ஒரு ஊது ஊதினேன்.

"இப்ப மோந்து பாரு."

சைக்கிளை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். சுதந்திரம் வருவதற்கு முன்பே சர்க்கார் மதுவிலக்குக் கொண்டுவந்து எங்கள் பக்கத்துக் கள், சாராயக் கடைகளையெல்லாம் மூடிவிட்டது. அதற்குப் பிறகு எந்தக் கவுண்டருக்குப் பின்னாலும் நான் நிற்கவில்லை.

அந்த இரண்டு விரல் பீர் சூடாக இருந்தது. நுரை இல்லை. வெறும் கசப்பு. அது போதும் என்று இருந்தது என்று எழுதினால் நன்றாக இருக்கும். போதவில்லை. எனக்கு அந்தக் கவுண்டர் வேண்டியிருந்தது.