சிறகு மேலே இருக்கிற விமானம்

இத்ரூஸ் ஹாஜியார் விமானம் வாங்குவது என்று தீர்மானித்ததும், எதை வாங்கலாம் என்று முதலில் கேட்டது தன் சாரதி ரெங்கசாமியிடம்தான். ரெங்கசாமி பார்த்துச் சொல்லாத எந்த வாகனத்தையும் அவர் வாங்கியதில்லை. பசறையில் ஹாஜியாருக்குத் தேயிலைத் தொழிற்சாலை இருந்தது. முதுகில் சத்திரசிகிச்சை செய்த பிறகு, கொழும்பு வரை ஜீப்பில் உட்கார்ந்து போக அவரால் முடியவில்லை. பிபிலைக்கு அப்பால் உள்ள அவரது சோளக் காணியைச் சமப்படுத்தினால் சிறிய விமானம் இறங்கும் என்று வந்து பார்த்தவர்கள் சொல்லியிருந்தார்கள்.

மகன் ஸப்வான் மடிக்கணினியில் படங்களைக் காட்டினான்.

"இது நாலு சீட். சிறகு கீழ ஈக்கிது. சரியான வேகம்."

"சிறகு கீழ இருந்தா, கீழ இருக்கிறது எப்படிங்க தம்பி தெரியும்?" என்று கேட்டார் ரெங்கசாமி.

"கீழ என்னத்தப் பாக்க?" என்றார் ஹாஜியார். "இந்த ரோட்டப் பாக்காம போகத்தானே வாங்குற."

ஸப்வான் அடுத்த படத்துக்குப் போனான். இதில் சிறகு கூரைக்கு மேலே இருந்தது. ஜன்னலுக்கும் நிலத்துக்கும் நடுவே ஒன்றுமில்லை.

"இது மணிக்கு எவ்வளவு மெதுவா போகுங்க?"

ஸப்வான் சிரித்தான். "வாப்பா, ப்ளேன் வாங்கப் போற ஆக்கள் எவ்வளவு வேகமாப் போகுமுண்டுதான் கேக்கும். இவருக்கு பசறை பஸ் மாதிரி கை காட்டின எடத்துல எல்லாம் நிக்கணும் போல."

"நிக்குங்களா?" என்று கேட்டார் ரெங்கசாமி.

அவர் பகிடிக்குக் கேட்கவில்லை என்பதைப் பார்த்து ஸப்வான் சிரிப்பை நிறுத்தினான்.

ரெங்கசாமியின் மனைவி அங்கம்மா இறந்து மூன்று வருடமாகிறது. மடுல்சீமைத் தோட்டத்தில் அவர்கள் இருந்த லயத்தில், அந்த வரிசை வீடுகளில், ஒரு வழக்கம் உண்டு. பதுளை ஆஸ்பத்திரியில் இறந்தவரை வண்டியில் ஏற்றிக்கொண்டு வரும்போது, தலைமாட்டில் உட்காரும் ஆள் ஒவ்வொரு வளைவிலும் பெயரைச் சொல்லிக் கூப்பிட வேண்டும். வளையுது, வா என்று சொல்ல வேண்டும். கூப்பிடாத வளைவில் இறந்தவர் நின்றுவிடுவார். உடம்பு மட்டும் வீட்டுக்கு வரும்.

அந்த ரோட்டில் எத்தனையோ வருடம் வண்டி ஓட்டியவர் ரெங்கசாமி. ஒவ்வொரு வளைவும் அவர் கைகளுக்குத் தெரியும். ஆனால் அன்று ஸ்டியரிங்கில் வேறு ஆள் இருந்தான். அவர் பின்னால், பெட்டிக்குப் பக்கத்தில் இருந்தார். அந்த ரோட்டில் அவர் பின்னால் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. பசறை தாண்டியதும் மூடுபனி கண்ணாடியை அடைத்துவிட்டது. தன் உடம்பு சாய்வதை வைத்து வளைவை அறிந்து கூப்பிட்டுக்கொண்டு வந்தார். எங்கோ ஓரிடத்தில் இரண்டு வளைவுகள் ஒன்றாக வந்தன. இரண்டுக்கும் சேர்த்து ஒரு தடவைதான் கூப்பிட்டார். லயத்தில் இறங்கிய பிறகுதான் அது மனதில் பட்டது. எந்த இடம் என்று தெரியவில்லை.

அதன் பிறகு வீட்டில் ஒன்றும் நடக்கவில்லை. அதுதான் அவரைப் பயமுறுத்தியது. மற்ற வீடுகளில் இறந்தவர்கள் கனவில் வந்தார்கள், பாத்திரத்தை உருட்டினார்கள், பிள்ளைகளின் காலைத் தொட்டார்கள். இங்கே வைத்த சோற்றை வைத்த இடத்திலேயே எறும்பு தின்றது. அவர்கள் இருந்த ஒற்றை அறைக் காம்பராவில் அவள் வாசம்கூட இல்லை. கழற்றிப் போட்ட சேலை வெறும் துணியாகக் கொடியில் கிடந்தது. ராத்திரிகளில் அவர் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் அந்த ரோட்டில் நடந்து போய் வளைவுக்கு வளைவு நின்று கூப்பிட்டார். எதிரே வந்த வண்டிக்காரர்கள் வேகத்தைக் குறைத்துப் பார்த்துவிட்டுப் போனார்கள். ஒரு வளைவில் நிற்கும்போது மற்ற வளைவுகள் மலைக்குப் பின்னால் மறைந்திருந்தன. தான் இங்கே கூப்பிடும்போது அவள் அங்கே நிற்கிறாளோ என்று தோன்றும். அங்கே ஓடினால் இங்கேயோ என்று தோன்றும்.

மேலேயிருந்து பார்த்தால் எல்லா வளைவும் ஒன்றாகத் தெரியும்.

அங்கம்மாவுக்கு அந்த லயம் பிடித்ததில்லை. பதுளையில் ஒரு அறை எடுத்து இருப்போம் என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். அடுத்த வருசம் பார்ப்போம் என்று அவரும் சொல்லிக்கொண்டே இருந்தார். ஒரு நாள் பையைக் கட்டிக்கொண்டு தனியாகவே ரோட்டுக்கு இறங்கிவிட்டாள். அவர் மேலே நின்று கூப்பிட்டார். அவள் நின்றாள், திரும்பி வந்தாள். பிறகு அதைப்பற்றி இருவரும் பேசவில்லை. கடைசியில் நெஞ்சுவலியோடுதான் பதுளைக்குப் போனாள்.

சிறகு மேலே இருப்பதையே பார்ப்போம் என்று ரெங்கசாமி ஹாஜியாரிடம் விடாமல் சொன்னார். எஞ்சின் நின்றாலும் கொஞ்ச தூரம் மிதக்கும் என்றார். ஓடுபாதை கரடுமுரடாக இருந்தாலும் சிறகு புல்லில் படாது என்றார். எல்லாம் உண்மைதான். ஹாஜியார் கடைசியில் ஒத்துக்கொண்டார்.

விற்பவர்கள் மட்டக்களப்பு விமான நிலையத்தில் ஒன்றைக் கொண்டுவந்து வைத்திருந்தார்கள். ஜீப்பில் போனார்கள். ஹாஜியார் விமானிக்குப் பக்கத்தில் ஏறினார். ரெங்கசாமி பின்னால். மூவர் காதிலும் பேசும் கருவியை மாட்டினார்கள். ஒருவர் வாய்க்குள் முணுமுணுத்தாலும் மற்ற இருவருக்கும் கேட்கும் என்றார் விமானி.

"எந்தப் பக்கம் போவம் ஹாஜி?"

"இவர்ட்ட கேளுங்க. இவருக்குத்தான் கீழ பாக்கணும்."

"மடுல்சீமைக்குங்க ஐயா," என்றார் ரெங்கசாமி.

வயலும் காடும் பின்னால் போயின. பிறகு மலை எழுந்தது. அவர் நெற்றியைக் கண்ணாடியில் வைத்துக்கொண்டார். ரோட்டு முழுவதும் ஒரே பார்வையில் கிடந்தது, உள்ளங்கை ரேகை போல. வளைவுகள் ஒன்றின் கீழ் ஒன்றாக அடுக்கியிருந்தன. மலையில் கொழுந்து பறித்தவர்கள் எல்லோரும் தலையைத் தூக்கினார்கள். லயத்துப் பிள்ளைகள் முற்றத்துக்கு ஓடி வந்தார்கள். ரோட்டில் நின்ற ஓட்டோக்காரன்கூட வெளியே வந்து பார்த்தான்.

மதகுக்குக் கீழே இருந்த வளைவில் ஒரு பெண் மட்டும் பார்க்கவில்லை. சேலைக்கு மேல் கம்பளிச் சட்டை. கையில் பை. அங்கம்மாவைப் போலவே இடது காலைச் சற்று இழுத்து வைப்பவள்.

"இன்னும் மெதுவா போங்க ஐயா."

"இதுக்கு மேல மெதுவாக்கினா விழும்."

"அப்ப ஒரு சுத்து வாங்க."

விமானம் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. மலை கண்ணாடிக்கு வந்து, விலகி, மறுபடி வந்தது. ரெங்கசாமி கூப்பிட்டார்.

"அங்கம்மா, வளையுது. வா."

அவர் குரல் அவர் காதிலேயே வந்து விழுந்தது. விமானி திரும்பிப் பார்த்தார். ஹாஜியார் திரும்பவில்லை.

அவள் அந்த வளைவில் இல்லை. அதற்கும் கீழே, அடுத்த வளைவில் நடந்துகொண்டிருந்தாள். யாரும் கூப்பிடாமலே வளைந்திருந்தாள். மேலே லயத்துக்கு ஏறும் ரோட்டு அவள் முதுகுக்குப் பின்னால் இருந்தது. அவள் பசறைப் பக்கமாக, பதுளைப் பக்கமாகப் போய்க்கொண்டிருந்தாள். கால் இழுத்தாலும், அவர் அறிந்த எந்த நாளையும்விட வேகமாக நடந்தாள்.

"இன்னொரு சுத்து வரட்டா ஐயா?" என்று கேட்டார் விமானி.

ரெங்கசாமி வாயைத் திறந்தார். கூப்பிட்டால் நின்றுவிடுவாள் என்று தோன்றியது. அன்றைக்கு நின்றது போல.

"போதுங்க," என்றார்.

திரும்பி வரும்போது ஜீப் பிபிலையைத் தாண்டியது. ஹாஜியார் முதுகுக்குப் பின்னால் தலையணையைத் திருத்தி வைத்துக்கொண்டார்.

"எத்தன நாளா இப்பிடி?"

"மூணு வருசமாங்க."

"எனக்கு செல்ல வேணாமா?"

"சொன்னா சிரிப்பீங்கன்னு நெனச்சேன்."

"சிரிச்சிருப்பேன்தான்." ஹாஜியார் வெளியே பார்த்தார். "பொம்புள ஒண்டு நடந்து போனத நானும் கண்டேன். யாரோ பசறைக்குப் போற."

"இருக்கலாங்க."

லுணுகலை ஏற்றம் தொடங்கியது. ரெங்கசாமி கியரைக் குறைத்தார்.

"இப்ப நீ செல்லு. அதையே எடுப்பமா?"

"வேணாங்க முதலாளி. தம்பி முதல்ல காட்டினாரே, அத எடுங்க. வேகமா போறது."

"அதுல கீழ தெரியாதுண்டு நீதானே பிடிவாதம் பிடிச்ச."

"ஆமாங்க. தெரியாது."

ஹாஜியார் அவர் முகத்தைப் பக்கவாட்டில் பார்த்தார். ரெங்கசாமி ரோட்டைப் பார்த்தபடியே கேட்டார்:

"தொழிற்சாலைக்குப் பின்னால டிரைவர்மாருக்குக் கட்டின ரூம் இன்னும் சும்மா இருக்குதுங்களா?"

"ஈக்கிது. யாருக்கு?"

"எனக்குத்தாங்க. இனிமே அங்க, லயத்துல, கதவத் தொறந்து வச்சிக்கிட்டு உக்காந்திருக்கத் தேவையில்ல."